சுருக்குத் தையல்

மர்பி டவுன், பெங்களூர்
16-6-1996

அண்ணிக்கு,

ரூபினி எழுதுவது. அங்கே எல்லோரும் சுகம் என்று எழுதியிருந்தீர்கள். இங்கே சுகத்தைப் பற்றி இப்போதைக்குச் சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

நீங்கள் கவரில் வைத்து அனுப்பிய மாரியம்மன் கோயில் கயிறு கிடைத்தது. அதை இந்தக் கவரிலேயே திருப்பி வைத்திருக்கிறேன். கோபப்படுவீர்கள் என்று தெரியும். படுங்கள். முதல் தடவையும் கட்டினேன், இரண்டாம் தடவையும் கட்டினேன். இரண்டு தடவையும் ஐந்தாம் மாதத்தில் ஆஸ்பத்திரி ஆயாதான் கத்தரியால் நறுக்கி அதைக் கழற்றினாள். மறுபடியும் அதை இடுப்பில் கட்டிக்கொண்டு ஐந்தாம் மாதத்தை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்க என்னால் முடியாது.

இப்போது மூன்றாம் மாதம் முடியப்போகிறது. இந்தத் தடவை புது டாக்டரம்மா, மமதா என்று பெயர், கன்னடக்காரர். முன்பு பார்த்தவர்கள் எல்லாம் "உடம்பு வீக்கா இருக்கு, நல்லா சாப்பிடு" என்று அனுப்பிவிட்டார்கள். இவர் ஒருவர்தான் உட்கார வைத்து நடந்ததைக் கேட்டார். வலி இருந்ததா என்றார். இல்லை என்றேன். இரண்டு தடவையும் வலியே இல்லை அண்ணி. கார்மென்ட்ஸில் மெஷின் முன்னால் உட்கார்ந்து காலர் தைத்துக்கொண்டிருந்தேன், எழுந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. "வலியில்லாம போச்சுன்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கும்மா, வைத்தியமும் இருக்கு" என்றார். நாலாம் மாதத்தில் ஒரு சின்ன ஆபரேஷன். என்ன ஏது என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. உங்கள் வீட்டுக்கு வரும் கடிதத்தை அப்பாதுரை அண்ணன்தான் முதலில் பிரித்துப் படிப்பார். உங்கள் தம்பி போனில் விவரமாகச் சொல்வார்.

அதன் பிறகு நான் பெரும்பாலும் படுத்தே இருக்க வேண்டுமாம். குடம் தூக்கக் கூடாது, குனிந்து பெருக்கக் கூடாது. என் அம்மா இருந்திருந்தால் யாரையும் கேட்டிருக்க மாட்டேன். உங்கள் தம்பி விடிவதற்கு முன்பே பொம்மசந்திராவுக்குக் கம்பெனி வண்டி ஏறிவிடுகிறார். போன தடவை நீங்கள் கிளம்பும்போது வாசலில் நின்று பக்கத்து வீட்டு பியாட்ரிஸிடம், "இவ வயித்துல எதுவும் தங்காது" என்று சொன்னது என் காதில் விழுந்தது. அதை மறக்கவில்லை. மறக்காமலேயே கேட்கிறேன். கொஞ்ச நாள் வந்து இருக்க முடியுமா? அண்ணனுக்கு ரயில்வே பாஸ் இருக்கிறது. மூன்று மணி நேரப் பயணம்தான்.

ரூபினி


ஜோலார்பேட்டை
9-7-1996

ரூபினிக்கு,

பிரகாசு நேற்று போன் செய்தான். தேசிகன் கடையிலிருந்து ஆள் வந்து கூப்பிட, அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். கடையில் அரிசி வாங்க, பீடி வாங்க என்று பத்துப் பேர் நிற்கிறார்கள். "ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதுக்கா" என்றான். எதற்கு ஆபரேஷன் என்றேன். "கர்ப்பப்பைக்கு" என்றான். கர்ப்பப்பைக்கு என்னடா என்றேன். மென்று முழுங்கினான். அப்புறம், "தையல் போட்டு மூடிட்டாங்கக்கா" என்றான். நான் அதற்கு மேல் கேட்கவில்லை. போனை வைத்துவிட்டு வந்தேன்.

ஆபரேஷன் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது என்று நினைத்தீர்களா, இரண்டு பேரும்? இந்த ரயில்வே காலனியில் பாதிப் பெண்கள் செய்துகொண்டவர்கள்தான். இரண்டு பெற்று, நாலு பெற்று, போதும் என்று செய்துகொண்டார்கள். ஒன்றும் பெறாமல் மூடிக்கொண்டு வந்தவள் நீ ஒருத்திதான். வயிற்றில் இருந்ததையும் கழுவிவிட்டுத்தானே மூடியிருப்பார்கள்? கயிற்றைத் திருப்பி அனுப்பினாயே, அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். இரண்டு போய்விட்டது, இனி இந்தத் தொல்லையே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டாய். அவனும் தலையாட்டிவிட்டான்.

அம்மா சாகும்போது அவனுக்கு ஐந்து வயது. நான் கல்யாணமாகி வந்த வீட்டுக்கு அவனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தேன். மாமியார் என்ன சொன்னாள், நான் என்ன கேட்டேன் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியாது. அவனுக்கு ஒரு பிள்ளையைப் பார்த்துவிட்டால் போதும் என்று இருந்தேன். அதையும் மூடிவிட்டீர்கள்.

தைக்கத்தான் வேண்டும் என்றால் அந்த டாக்டரம்மா உன் வாயைத் தைத்திருக்கலாம். நான் வர மாட்டேன். பாஸ் இருக்கிறது என்று எனக்கு நீ சொல்ல வேண்டாம்.

யசோதா


மர்பி டவுன்
15-7-1996

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். வயிறு குலுங்கச் சிரிக்கக் கூடாது என்று பயந்து அடக்கிக்கொண்டேன். அப்புறம் அழுதேன். அப்புறம் உங்கள் தம்பியைக் கட்டில் பக்கத்தில் நிற்க வைத்துக் கத்தினேன். "அக்காகிட்ட எப்படி ரூபி அதெல்லாம் சொல்றது? அந்தக் கடையில வேற எப்பவும் ஜனங்க நிக்கறாங்க" என்கிறார். அவருக்குக் கூச்சமாம். அவருடைய கூச்சத்தால் நான் ஒரு வாரமாக உங்கள் ஊரில் கருவைக் கலைத்துவிட்டுக் குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டவள்.

எனக்கும் அதே கூச்சம்தான் இருந்தது. இனி இல்லை. அப்பாதுரை அண்ணன் படித்தால் படிக்கட்டும்.

கர்ப்பப்பைக்கு ஒரு வாய் உண்டு. பிரசவ வலி வரும்வரை அது இறுக மூடியிருக்க வேண்டும். எனக்கு அதில் பலம் இல்லை. குழந்தை கொஞ்சம் கனத்ததும் அது தானாகத் திறந்துகொள்கிறது. அதனால்தான் வலி வரவில்லை. பாவாடைக்கு நாடா கோத்து இழுத்துக் கட்டுகிறோம் இல்லையா, அதேபோல அந்த வாயைச் சுற்றி ஒரு நூலைக் கோத்து, இழுத்து, முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். அவ்வளவுதான். ஒன்பதாம் மாதம் முடிச்சை நறுக்கி நூலை உருவிவிடுவார்கள். குழந்தை உள்ளேயே இருக்கிறது. ஸ்கேனில் இதயம் துடிப்பதைக் காட்டினார்கள்.

முதுகில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே மரத்துப்போனது, காது மட்டும் கேட்டது. முடிந்ததும் டாக்டரம்மா நர்ஸிடம் "ஹொலிகெ பிகியாகி பந்திதெ" என்றார். தையல் இறுக்கமாக வந்திருக்கிறது என்று சொல்கிறார். இத்தனை வருஷம் மெஷினில் உட்கார்ந்தவளுக்கு அதைக் கேட்க எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். என் தையலைக்கூட எந்த சூப்பர்வைசரும் அப்படிச் சொன்னதில்லை.

இப்போது என் நிலைமை இது. கட்டிலின் கால்மாட்டுக்குச் செங்கல் வைத்து உயர்த்தியிருக்கிறது. தலை கீழே, கால் மேலே. நாள் முழுக்க ஆஸ்பெஸ்டாஸ் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஃபாக்டரியில் என் பெயரை எடுத்துவிட்டார்கள். உங்கள் தம்பி வைக்கிற சோறு மேலே அரிசி, கீழே கரி. பியாட்ரிஸ் அக்கா தண்ணீர் பிடித்துக் கொடுக்கிறார்கள், ஆனால் அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது. எழுந்து ஒரு டம்ளர் கழுவினால்கூட, போய்விடுமோ, போய்விடுமோ என்று மனசு அடித்துக்கொள்கிறது.

மன்னிப்புக் கேளுங்கள் என்று சொல்லவில்லை. கேட்டால் வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன். அதைவிட நீங்கள் வந்தால் போதும்.

ரூபினி


ஜோலார்பேட்டை
24-7-1996

ரூபினிக்கு,

கடிதம் வந்தது. உன் அண்ணன்தான் படித்தார். பாவாடை நாடா வரைக்கும் சத்தமாகப் படித்தார். அப்புறம் என் கையில் கொடுத்துவிட்டுத் தண்ணீர்த் தொட்டியைக் கழுவப் போய்விட்டார். முந்தின நாள்தான் அதைக் கழுவியிருந்தார்.

பிரகாசுக்குப் பேசத் தெரியாததற்கு நான் என்ன செய்ய முடியும். தேசிகன் கடையில் போய் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். யார் நம்பினார்கள், யார் நம்பவில்லை என்று தெரியாது. நம்பாதவர்கள் பிள்ளை பிறந்ததும் நம்பட்டும்.

ஒன்று கேட்க வேண்டும். இந்தத் தையலை எப்போதிலிருந்து போடுகிறார்கள்? இப்போது புதிதாக வந்ததா, முன்பே உண்டா? எழுபது, எழுபத்திரண்டு அந்தச் சமயத்தில் இருந்ததா? டாக்டரம்மாவிடம் கேட்டு எழுது.

ரயில் கார்டு வெங்கடகிருஷ்ணனிடம் கேழ்வரகு மாவும் முருங்கைக்கீரைப் பொடியும் கொடுத்தனுப்பியிருக்கிறேன். பிரகாசைக் கண்டோன்மென்ட் ஸ்டேஷனுக்குப் போய் வாங்கிக்கொள்ளச் சொல். சோற்றுக்கு அரிசியைப்போல் இரண்டு பங்குக்குக் குறையாமல் தண்ணீர் வைக்கச் சொல். அடுப்பைக் குறைக்கச் சொல்.

வருவதைப் பற்றிக் கேட்காதே.

யசோதா


மர்பி டவுன்
6-8-1996

அண்ணிக்கு,

மாவு வந்தது. நன்றி.

ஐந்தாம் மாதம் ஆரம்பித்துவிட்டது. எனக்கு இது என்ன மாதம் என்று உங்களுக்குத் தெரியும். இரண்டு தடவையும் இந்த மாதத்தில்தான். பாத்ரூம் போக எழும்போதெல்லாம் கால் வழியாக ஏதாவது இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே நடக்கிறேன். வாரம் ஒரு ஊசி. ஆட்டோ குழியில் இறங்கினால் நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடிக்கிறேன். அந்த முடிச்சு அவிழ்ந்துவிடுமோ என்று கனவு வருகிறது. நானே எத்தனை பிளவுஸுக்கு முடிச்சுப் போடாமல் விட்டிருக்கிறேன், அதெல்லாம் ஞாபகத்துக்கு வருகிறது.

இந்த நிலைமையில் உங்களிடம் ஒரு ஆளைக் கேட்டால், நீங்கள் எனக்குப் பரீட்சை வைக்கிறீர்கள். எந்த வருஷம் வந்தது, எழுபதில் இருந்ததா என்று. எதற்கு இது? புதுசு என்றால் "இந்தக் காலத்து டாக்டருங்க சோதனை பண்றாங்க" என்பீர்கள். பழசு என்றால் "அந்தக் காலத்துல இதெல்லாம் இல்லாமலே நாங்க பெத்துக்கலையா" என்பீர்கள். நான் டாக்டரம்மாவிடம் கேட்கவில்லை. கேட்கப் போவதும் இல்லை.

பாஸ் இருக்கிறது. வண்டி இருக்கிறது. உங்களுக்கு அங்கே பார்த்துக்கொள்ள ஒரு குழந்தையா குட்டியா? ஒரு பெண் மூன்றாவது தடவையாகப் பயந்து கிடக்கிறாள் என்று மனசு வர வேண்டும் இல்லையா. வயிற்றில் சுமந்து பார்த்தவர்களுக்குத்தான் அது புரியும். உங்களிடம் கேட்டது என் தப்பு.

ரூபினி


ஜோலார்பேட்டை
14-8-1996

ரூபினிக்கு,

மூன்று.

நீ இரண்டு தடவை சுமந்தாய், நான் மூன்று தடவை சுமந்தேன். எழுபத்தொன்றில் ஒன்று, எழுபத்திரண்டில் ஒன்று, எழுபத்து நாலில் ஒன்று. எல்லாம் ஐந்தாம் மாதம். ஒன்றுக்கும் வலி இல்லை. முதல் தடவை பம்பில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் தடவை பிரகாசுக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தேன். அவனை வெளியே போய் விளையாடச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன். அக்காவுக்குக் காய்ச்சல் என்று அவனிடம் சொன்னோம். இன்று வரைக்கும் அவனுக்கு அவ்வளவுதான் தெரியும். நீ சொல்ல வேண்டாம்.

ஒரு டாக்டரிடமும் போனேன். ஆண் டாக்டர். வலி இருந்ததா என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மாமியார்தான் பக்கத்தில் நின்று பேசினாள். டானிக் எழுதிக்கொடுத்தார். மாமியார் ஒவ்வொரு தடவையும் ஒரு கோயில் கயிறு கட்டினாள். மூன்றாவது போனதும், "வாடகை வீடு மாதிரி இருக்குது இவ வயிறு, யாரும் தங்க மாட்டேங்கறாங்க" என்று தெருவில் சொன்னாள். அதைத்தான் நான் உன் வாசலில் நின்று பியாட்ரிஸிடம் சொல்லியிருக்கிறேன் போலிருக்கிறது. சொன்னது எனக்கு ஞாபகம் இல்லை. என் வாயில் அந்தக் கிழவி உட்கார்ந்திருக்கிறாள்.

உன் கடிதத்தில் பாவாடை நாடாவைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. தானாகத் திறந்துகொள்கிறது, அதனால்தான் வலி இல்லை என்று எழுதியிருந்தாய். அந்த ஒரு வரியை இருபத்தைந்து வருஷமாக எனக்கு யாரும் சொன்னதில்லை. அதனால்தான் கேட்டேன். உனக்குப் பரீட்சை வைக்கவில்லை.

ஏன் வரவில்லை என்றால், இதுதான். உன் முதல் கர்ப்பத்தில் நாலாம் மாதம் பூவும் வளையலும் எடுத்துக்கொண்டு வந்தேன். நான் ஊர் திரும்பிய கொஞ்ச நாளில் போய்விட்டது. இரண்டாவதற்கும் வந்தேன். அதுவும் போய்விட்டது. இங்கே ஒருத்தி என் முகத்துக்கு நேராகவே சொன்னாள், "நீ போய் வந்த வீடாச்சே" என்று. பொய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உன்னைப் பார்க்க மனசு வராமல் இல்லை. என் கால் உன் வாசற்படியில் பட வேண்டாம் என்று இருந்தேன். பாஸை எடுத்து இரண்டு தடவை ஸ்டேஷன் வரைக்கும் வந்து திரும்பினேன்.

இப்போது புரிகிறதா, புரியவில்லையா, எனக்குத் தெரியாது. கேட்டு எழுது.

யசோதா


மர்பி டவுன்
2-9-1996

அண்ணி,

இதை மூன்றாவது தடவையாக எழுதுகிறேன். முதல் இரண்டையும் கிழித்துவிட்டேன்.

நான் எழுதிய அந்த வரியைத் திரும்ப எடுத்துக்கொள்ள வழி இல்லை. வயிற்றில் சுமந்து பார்த்தவர்களுக்குத்தான் புரியும் என்று எழுதினேனே, அந்த வரி. என்னை மன்னியுங்கள். இதற்கு மேல் அலங்காரமாக எழுத எனக்குத் தெரியவில்லை. உங்கள் கடிதத்தைத் தலையணை உறைக்குள் வைத்திருக்கிறேன். உங்கள் தம்பி கேட்டார், மாவு எப்படிக் கரைக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள் என்று சொல்லிவிட்டேன்.

டாக்டரம்மாவைக் கேட்டேன். கேட்டு நாளாகிவிட்டது. பதிலை எழுதத்தான் கை வரவில்லை. தெரியவில்லையாம் என்று எழுதிவிடலாமா என்றுகூட நினைத்தேன். பியாட்ரிஸ் அக்காவிடம் பெயர் சொல்லாமல் கேட்டதற்கு, "பொய் சொல்லாத ரூபினி, இத்தனை வருசம் அவங்ககிட்ட எல்லாரும் அதைத்தான செஞ்சாங்க" என்றார்கள்.

புதுசு இல்லை அண்ணி. "இது ஹளேதும்மா" என்றார் டாக்டரம்மா. ரொம்பப் பழசு என்கிறார். "நான் காலேஜ் சேர்றதுக்கு முன்னாடியே இருக்கு. பாம்பே டாக்டர் ஒருத்தர் செஞ்சது, ஐம்பத்தஞ்சுல. வெளிநாட்டுலயே அவர் பேரை வச்சுத்தான் சொல்றாங்க. யாருக்குக் கேக்கறீங்க?" என்றார். எங்கள் வீட்டில் ஒருவருக்கு என்றேன். இப்போது அவருக்கு என்ன வயது என்றார். சொன்னேன். அவர் என் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார்.

உங்கள் கால் பட்டதால் போகவில்லை. எனக்கு முடிச்சு இல்லாததால் போனது. உங்களுக்கும் அதே. இதை நான் சொல்லவில்லை, டாக்டரம்மாவிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். யாருடைய காலும் கண்ணும் அந்த நூலை அவிழ்க்காது என்றார்.

ஆறாம் மாதம் நடக்கிறது. ஐந்தாம் மாதத்தைத் தாண்டிவிட்டேன். வலது பக்கம் உதைக்கிறது. சந்தோஷமாக எழுத வேண்டிய விஷயம், இந்தக் கடிதத்தின் கடைசியில் வந்து நிற்கிறது.

ரூபினி


ஜோலார்பேட்டை
10-9-1996

ரூபினிக்கு,

நீ சொன்னது நல்லது. தெரியவில்லையாம் என்று எழுதியிருந்தால் நான் சாகிற வரைக்கும் யோசித்துக்கொண்டிருந்திருப்பேன்.

ஐம்பத்தைந்தில் எனக்கு மூன்று வயது. நான் வயசுக்கு வரவில்லை, கல்யாணம் ஆகவில்லை, மாமியார் முகத்தைப் பார்க்கவில்லை. அதற்குள் எனக்கு மருந்து தயாராகி இருந்திருக்கிறது. அதுவும் பம்பாயில். சீமையில் என்றாலும் மனசை ஆற்றிக்கொள்வேன். பம்பாய் வண்டி எங்கள் காலனிச் சுவரைக் குலுக்கிக்கொண்டுதான் தினமும் போகிறது. உன் அண்ணன் அந்தத் தண்டவாளத்துக்குத்தான் முப்பது வருஷமாக போல்ட் முடுக்குகிறார்.

கடிதத்தை அவரிடம் நானே படித்துக் காட்டினேன். மூன்று தடவையும் என் துணியை அலசியவர் அவர்தான். அவருடைய அம்மா என்னைப் பேசியபோது ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாதவரும் அவர்தான். அன்று முதல் தடவையாக அந்த ஆள் மேல் கத்தினேன். ரேழியில் நின்று கத்தினேன், பக்கத்து வீடுகளில் விளக்குமாறு சத்தம் நின்றுபோனது. அவர் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். யார் மேல் கத்துவது என்று தெரியாமல் கத்தினேன். டாக்டர் செத்துவிட்டார், மாமியார் செத்துவிட்டாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

எனக்குச் சொல்லக் கூச்சம். கேட்க அவருக்குக் கூச்சம். அந்த டாக்டருக்கு என்னிடம் பேசக் கூச்சம். இந்தக் கூச்சத்தில் மூன்று போயிருக்கிறது. இப்போது பிரகாசு கடையில் நாலு பேர் கேட்பார்கள் என்று மூடிட்டாங்க என்கிறான். பரம்பரை வியாதி.

அதனால் உனக்கு ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். இங்கே ரயில்வே ஆஸ்பத்திரி நர்ஸிடம் விசாரித்தேன், வலி வந்தாலும், தண்ணீர் உடைந்தாலும், அந்தத் தையலை உடனே பிரிக்க வேண்டுமாமே. மமதா டாக்டர் அன்றைக்கு அங்கே இருப்பாரோ இல்லையோ. யார் இருந்தாலும் சரி, எத்தனை ஆம்பிளை நின்றாலும் சரி, எங்கே தையல் இருக்கிறது என்று பெயர் சொல்லிச் சொல். வாயைத் திற. உன் வாயைத் தைக்க வேண்டும் என்று நான் எழுதியதைக் கிழித்து அடுப்பில் போடு.

ஒன்பதாம் மாதம் தையல் பிரிக்கிற அன்றைக்கு நான் அங்கே இருப்பேன். அதற்கு முன்னால் வரச் சொல்லாதே. டாக்டரம்மா சொன்னது என் தலைக்குப் புரிகிறது, காலுக்கு இன்னும் புரியவில்லை.

பிரித்ததும் அந்த நூலைக் கேட்டு வாங்கி வை. நான் ஒரு தடவை அதைப் பார்க்க வேண்டும்.

யசோதா


மர்பி டவுன்
10-11-1996

அண்ணி,

உங்கள் தம்பி தேசிகன் கடைக்கு போன் செய்து, குழந்தை பிறந்துவிட்டது, இரண்டு பேரும் நலம் என்று சொன்னாராம். இந்தத் தடவை சரியாகச் சொல்லியிருக்கிறார். மீதியை நான் எழுதுகிறேன்.

ஒன்பதாம் மாதம் வரைக்கும் அது காத்திருக்கவில்லை. எட்டாம் மாதத்தில் ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தேன், இடுப்பைப் பிடித்து முறுக்கியது. வலி, அண்ணி. எனக்கு வலி வந்தது. அது வலிதான் என்று தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது, ஏனென்றால் முன்பு வந்ததே இல்லை. உங்கள் தம்பி பொம்மசந்திராவில். பியாட்ரிஸ் அக்காதான் ஆட்டோ பிடித்துக் கொண்டுபோனார்கள். மமதா டாக்டர் மைசூரில் ஏதோ கல்யாணத்துக்குப் போயிருந்தார்.

வார்டில் இருந்த சிஸ்டரிடம் "ஹொலிகெ இதெ" என்றேன், தையல் இருக்கிறது என்று. அவர் புடவையை விலக்கி வயிற்றைப் பார்த்தார். பழைய சிசேரியன் தையல் என்று நினைத்துவிட்டார். "எல்லி? ஏனூ இல்வல்லா" என்றார். எங்கே, ஒன்றும் இல்லையே என்கிறார். அடுத்த வலி வந்துவிட்டது. பக்கத்துக் கட்டிலில் யாருடைய மாமனாரோ உட்கார்ந்திருந்தார், ஒரு வார்டு பாய் பக்கெட்டோடு நின்றான். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. நிஜமாகவே ஒட்டிக்கொண்டது. அப்போது உங்கள் எழுத்துதான் கண்ணுக்கு வந்தது. வாயைத் திற.

"ஹொட்டே மேலே அல்லா, ஒளகே, கர்ப்பகோஷத பாயிகெ ஹாகிதாரெ, பிச்சி" என்று கத்தினேன். வயிற்றின் மேல் இல்லை, உள்ளே, கர்ப்பப்பை வாயில் போட்டிருக்கிறார்கள், பிரியுங்கள் என்று. தமிழிலும் கத்தினேன். அந்த மாமனார் எழுந்து வெளியே போய்விட்டார். சிஸ்டர் முகம் மாறிவிட்டது. டாக்டரைக் கூப்பிட்டுக்கொண்டு ஓடினார். டியூட்டியில் இருந்த சின்ன டாக்டர் வந்து தையலை நறுக்கி உருவினார். இன்னும் நேரம் போயிருந்தால் தையலோடு சேர்ந்து கிழிந்திருக்கும் என்றார்.

பெண் குழந்தை. இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். அந்த ஒரு வாரம் எனக்கு யாரைப் பார்த்தாலும் எரிச்சல். பெட்டியில் கை விட விடாத நர்ஸ் மேல் எரிச்சல், இனிப்பு வாங்கி வந்த உங்கள் தம்பி மேல் எரிச்சல். இப்போது வெளியே வந்துவிட்டாள். என் பக்கத்தில் படுத்திருக்கிறாள். தும்மினாள்.

நூலைக் கேட்டேன். சிஸ்டர் "ஏனக்கம்மா?" என்று சிரித்தார். எதற்கு என்று சொன்னேன், உங்கள் கதையையும் சொன்னேன், பெயர் சொல்லவில்லை. அவர் அதை டெட்டாலில் அலசிப் பஞ்சில் சுற்றிக் கொடுத்தார். இந்தக் கவரில் இருக்கிறது. ஜாக்கிரதையாகப் பிரியுங்கள், கீழே விழுந்தால் தெரியாது.

அத்தைதான் அரைஞாண் கயிறு கட்ட வேண்டும். நான் திருப்பி அனுப்பினேனே, அந்தக் கயிறு இருந்தால் எடுத்து வாருங்கள். பெயரும் நீங்கள்தான் வைக்க வேண்டும். உங்கள் தம்பியும் அதையே சொன்னார். அவரிடம் எல்லாவற்றையும் நான் சொல்லிவிட்டேன் அண்ணி. சொல்ல வேண்டாம் என்றீர்கள். நீங்கள்தானே வாயைத் திற என்றீர்கள். அவர் போய்க் குழந்தையின் துணிகளை மடித்து வைத்தார். அப்புறம், "அன்னைக்குத் தலை ஈரமாவே இருந்துச்சு, வெளிய போய் விளையாடினேன்" என்றார்.

ரூபினி


ஜோலார்பேட்டை
18-11-1996

ரூபினி,

கவர் வந்தது. உன் அண்ணன் பிரிக்கவில்லை, என்னிடமே கொடுத்துவிட்டார். மேஜை மேல் வெள்ளைத் துணி விரித்துப் பிரித்தேன்.

ஒரு விரல் நீளம்கூட இல்லை. கயிறு மாதிரி ஏதோ இருக்கும் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். உன் அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "இதுவா" என்றார். நான் இதுதான் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார், மறுபடியும் "இதுவா" என்றார். நாங்கள் இரண்டு பேரும் அன்றைக்குச் சமைக்கவில்லை.

அதை அடுப்பில் போடலாம் என்று இருந்தேன். போடவில்லை. தாலிச் சரடு மாற்றும்போது பழைய சரடு போடுகிற டப்பாவில் வைத்திருக்கிறேன்.

பிரகாசிடம் சொன்னதற்கு உன்னைத் திட்டலாம் என்று உட்கார்ந்தேன். வரவில்லை. விடு.

ஞாயிற்றுக்கிழமை வண்டியில் வருகிறேன், இருந்து பார்த்துக்கொள்கிறேன். நீ கேட்ட கயிறு இருக்கிறது, எடுத்து வருகிறேன். பிரகாசை அடுப்புப் பக்கம் போக வேண்டாம் என்று சொல். உன் அண்ணனும் வருகிறார். குழந்தையைக் கையில் கொடு, பயப்படுவார், பரவாயில்லை.

பெயர் கேட்டிருந்தாய். என்னிடம் மூன்று பெயர்கள் இருக்கின்றன. யாரிடமும் சொன்னதில்லை, உன் அண்ணனிடமும் சொன்னதில்லை. அவற்றை உன் மகளுக்குக் கொடுக்க முடியாது. அவற்றுக்கு ஆள் இருக்கிறார்கள். இவளுக்குப் புதிதாகத்தான் ஒன்று யோசிக்க வேண்டும். ஜோலார்பேட்டைக்கும் கண்டோன்மென்ட்டுக்கும் நடுவில் மூன்று மணி நேரம் இருக்கிறது. அதற்குள் ஒரு பெயர் கிடைக்காமலா போகும்.

யசோதா